இரட்டைத் துணி

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒரு கட்டுக் கொத்தமல்லி முழுக்க வீண். கடல்பாசித் துண்டைக் கயிற்றில் கட்டிப் பழக வேண்டும், வீட்டில் பாசிக்கு எங்கே போக? கொத்தமல்லித் தண்டை வைத்துக் கட்டிப் பார்த்தேன். இறுக்கினால் அறுகிறது. தளர்த்தினால் உருவிக்கொண்டு வருகிறது. நான் கட்டக் கட்ட பாப்பா பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஆடு மேயுற மாதிரி மேயுறா பாரு" என்று அவர் சிரித்தார். சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று. "இப்படிக் குடு" என்று கயிற்றை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தேன். அறவும் இல்லை, உருவவும் இல்லை. கண் மூடினாலும் திறந்தாலும் தனக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி என்பார். லாரி ஓட்டியவர். இனி ஓட்ட முடியாது.

அதனால்தான் இந்தக் கடற்பண்ணைப் பயிற்சியில் சேர்ந்தேன். சிப்பியும் பாசியும் வளர்க்கிற வேலை. மூன்று மாதம் கையால் செய்யவைத்துப் பார்ப்பார்கள். முடிவில் பாதிப் பேரை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். வேலை கிடைத்தால் பண்ணைக்குப் பின்னால் ஓர் அறை, பக்கத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. எனக்கு அந்த ஆயா வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையில் சிப்பி நாற்றம் போகவில்லை. தூக்கப் போனால் பாப்பா மூக்கைச் சுருக்குகிறாள். "நாத்தம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். புதிதாகக் கற்ற வார்த்தை. கற்றுக்கொடுத்தவள் நான்.

ஆகஸ்ட் 13, புதன்

அவருடைய அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது. அவர்கள் ஊரிலிருந்து இங்கே வர பஸ்ஸில் அரை நாள் ஆகும். அக்கா வந்த களைப்புத் தெரியாமல் பாப்பாவுக்குத் தலைவாரி, நகம் வெட்டி, வீட்டைப் பெருக்கிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவளும் பேசுவதில்லை.

அண்ணன்தான் தொடங்கினார். "பாப்பாவை எங்ககிட்ட விடும்மா. நாங்க பாத்துக்கிறோம். நீங்க ரெண்டு பேரும் காலூன்றுற வரைக்கும்."

காலூன்றுவது என்றால் எது வரைக்கும்?

நான் இவரைப் பார்த்தேன். இவர் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் இருந்தது தெரியவில்லையா, தெரிந்தும் பார்க்கவில்லையா — இவரிடம் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

"பயிற்சி முடியட்டும் மாமா. வேலை கிடைச்சிடும்" என்றேன்.

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா... உங்க இஷ்டப்படி."

ஏன் சொன்னேன்? யார் கேட்டார்கள்? பேச்சுக்குச் சொன்னதை நான்கு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தது போல ஆக்கிவிட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கை மட்டும் பாப்பாவின் முதுகில் தடவிக்கொண்டே இருந்தது.

அவர்கள் கெட்டவர்களாக இருந்தால் எவ்வளவு சுலபம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று சிப்பி சுற்றினோம். குஞ்சுச் சிப்பி, நகத்தளவு. கயிற்றைச் சுற்றிலும் அவற்றை அடுக்கி, மேலே பருத்தி வலைத்துணியைச் சுற்றித் தைத்துக் கடலில் தொங்கவிட வேண்டும். உள்ளே சிப்பி ஒவ்வொன்றும் தன் காலிலிருந்து நார் விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் துணி உப்புத்தண்ணீரில் இத்துப்போய் உதிர்ந்துவிடும். அவ்வளவுதான் வேலை. கேட்க எவ்வளவு எளிது.

என் துணி நழுவியது. மிதவையிலிருந்து இறக்கும்போதே ஓரம் பிரிந்து குஞ்சுகள் கொட்டின. தண்ணீருக்குள் கறுப்பாகப் போய்க்கொண்டே இருந்தன. கையை விட்டு அளைந்தேன். எதை எடுக்க முடியும்?

எங்கள் பயிற்சியாளரைக் கேப்டன் என்கிறோம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். கழுத்தில் எப்போதும் விசில். திட்டமாட்டாள். அதுதான் பயம். "இது பழகுறதுக்கு. வியாழக்கிழமை சுத்தப்போறது உங்க உங்க கயிறு. உங்க அடையாள வளையம் அதுல இருக்கும். கடைசி நாள் மேனேஜர் முன்னாடி அதைத்தான் தூக்குவோம்."

என் ஜோடிக்காரியைச் சிரிப்பக்கா என்பார்கள். பல் வலித்தாலும் சிரிப்பாள். "விடு, மீனுக்கு இன்னைக்கு விருந்து வச்சிட்ட" என்றாள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஆகஸ்ட் 20, புதன்

 நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பயிற்சி முடிந்து தெருவுக்குள் திரும்புகிறேன், தெரு நடுவில் ஒரு சின்ன உருவம். வெறுங்கால். கையில் கரண்டி. எவ பெத்த பிள்ளைன்னு ஒரு நொடி நினைச்சேன். நினைச்சேனே. அப்புறம்தான் சட்டை தெரிஞ்சது.

ஒரு வேன் நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்கி நின்று கத்திக்கொண்டிருந்தார். என்ன கத்தினார் என்று காதில் விழவில்லை. வாரி எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

இவர் கதவுக்கு உள்ளே உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறார். "பாப்பா, கரண்டியைக் கீழ போடு" என்கிறார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 

பிறகு சொன்னேன். சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன்.

அவர் அண்ணனுக்குப் போன் போட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

ஆகஸ்ட் 21, வியாழன்

என் கயிறு கடலுக்குள் போயிற்று. இந்தத் தடவை ஒரு குஞ்சுகூட விழாது.

துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றினேன். அங்கே கொடுக்கிற பருத்தி நூல் தொட்டாலே அறுகிறது. வீட்டிலிருந்து நல்ல தையல் நூலாக எடுத்துப் போயிருந்தேன். நெருக்க நெருக்கமாகத் தையல், ஒரு விரல் நுழையாது. கேப்டன் அடுத்த மிதவையில் யாருடனோ இருந்தாள். சிரிப்பக்கா பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணுக்குப் பின்னல் போட்ட மாதிரி இருக்கு. பூ ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

இறக்கும்போது கயிற்றை ஆட்டிப் பார்த்தேன். மீண்டும் ஆட்டினேன். ஒன்றும் விழவில்லை. நேற்றிலிருந்து இப்போதுதான் மூச்சு முழுதாக வந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விட்டுவிட்டு வந்தேன்.

"அவ பாக்காதப்ப கிளம்பிடு. பாத்தா அழுவா" என்றார் அண்ணன். எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். அக்கா அவளைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய்ப் புறா காட்டினாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடி மாதிரி வெளியே வந்தேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தெருமுனை திரும்பும்போது உள்ளேயிருந்து "அம்மா எங்க?" என்று கேட்டது. அழுகை இல்லை. சும்மா கேட்டாள். அடுக்களையில் இருப்பேன் என்று நினைத்திருப்பாள்.

 

ஆகஸ்ட் 28, வியாழன்

போனில் அக்கா சொன்னாள், நன்றாகச் சாப்பிடுகிறாளாம். நேற்றிலிருந்து தேடுவதில்லையாம். எனக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று சொல்கிறாள்.

செப்டம்பர் 3, புதன்

பாசி கட்டுவதில் கை தேறிவிட்டது என்று கேப்டன் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் அந்தச் செய்தியைச் சொல்ல இவரிடம் வாய் வரவில்லை. அந்தத் தெருச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் "சாப்பிடுங்க", "ம்" என்ற அளவில்தான் குடித்தனம் நடத்துகிறோம். அவள் சட்டை ஒன்று கொடியில் காய்ந்தபடியே கிடக்கிறது. இருவரும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

எல்லாம் போச்சு.

இன்று கயிறுகளைத் தூக்கிப் பார்த்தோம். மற்றவர்களுடையதில் துணி இத்து, நூல் நூலாகத் தொங்கியது. சில இடத்தில் துணியே இல்லை. சிப்பிகள் கயிற்றை அப்பிக்கொண்டு பளபளவென்று இருந்தன. சிரிப்பக்கா ஒன்றைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. "மாமியார் மாதிரி புடிச்சிருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்தது என் கயிறு.

துணி அப்படியே இருந்தது. என் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. மேலே சேறும் பாசியும் பிடித்து ஒரு தோல் மாதிரி. தூக்கும்போதே நாற்றம். 

கேப்டன் கத்தியால் கீறினாள். உள்ளே வாய் பிளந்த ஓடுகள், கறுத்த குழம்பு. தண்ணீர் உள்ளே போக வழி இல்லை. இருந்த கொஞ்சமும் கயிற்றைப் பிடிக்காமல் ஒன்றையொன்று பிடித்துக் கட்டியாகக் கிடந்தன. சில துணியையே கயிறு என்று நினைத்துப் பிடித்திருந்தன.

நூலை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "இது பாலியெஸ்டர்."

"ஆமா."

"ரெண்டு சுத்து."

"ஆமா."

நான் வேதியியல் படித்தவள். எது தண்ணீரில் மட்கும், எது மட்காது என்று பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள். துணி இத்துப்போக வேண்டும் என்று கேப்டன் சொன்னபோது தலையாட்டிவிட்டு, போய் இத்துப்போகாத நூலைத் தேடி எடுத்திருக்கிறேன். விழுந்துடக்கூடாது, விழுந்துடக்கூடாதுன்னு — வேற எதுவுமே மண்டையில ஓடல அன்னைக்கு.

"ஒவ்வொரு குழுவுலயும் ஒருத்தர் இப்படிச் செய்வாங்க. அசட்டையா இருக்கிறவங்க செய்யுற தப்பு இல்ல இது" என்றாள் கேப்டன். ஆறுதலா? அப்படியென்றால் அது இன்னும் மோசமில்லையா?

புதுக் குஞ்சு தரமாட்டார்களாம். பருவம் போய்விட்டது. "உயிரோட இருக்கிறதைப் பொறுக்கு. புதுக் கயிறு தர்றேன். எவ்வளவு வருதோ அவ்வளவு."

இவரிடம் சொல்லவில்லை. ஏன் இவ்வளவு நாற்றம் என்று கேட்டார். எப்போதும் போலத்தான் என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று முழுக்கப் பொறுக்கினேன். மூடியிருந்தால் உயிர். திறந்திருந்தால் தட்டிப் பார்ப்பது. தட்டினால் மெல்ல மூடும். மூடவில்லை என்றால் ஒருபக்கம் போடுவது. தட்டித் தட்டி ஒரு கட்டத்தில் "மூடு, மூடேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. சிரிப்பக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

"என் கயிற்றுல நிறைய இருக்கு. கொஞ்சம் எடுத்துச் சேத்துக்கோ. யார் பாக்கப்போறா?"

கை நீட்டப் போனேன். உண்மையாகவே. ஆனால் கயிற்றைப் பிடித்திருப்பதைப் பிய்த்தால் நார் அறும். மறுபடி பிடிக்க அதற்குத் தெம்பு வேண்டும். பிய்த்துப் பிய்த்து எத்தனை இடத்தில் நடுவது ஓர் உயிரை?

"வேணாம்க்கா" என்றேன். "என்னோடதே இருக்கட்டும்."

ஒற்றைத் துணி. பருத்தி நூல். தொட்டால் அறுகிற நூல். கயிற்றில் பாதிக்குத்தான் வந்தது. இறக்கும்போது சில விழுந்தன. விழட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியும் திறந்து பார்த்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பாப்பாவைப் பார்க்கப் போனோம். சனிக்கிழமை பயிற்சி முடிந்த கையோடு பஸ் ஏறியதால் பயிற்சிச் சட்டையை அங்கேதான் மாற்றினேன். வளர்ந்திருக்கிறாள். முடி இரட்டைப் பின்னல். அக்காவின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். "அம்மா வந்திருக்கேன், வா" என்றால் வரவில்லை. மெல்ல வந்து, எட்டியே நின்று, ஒரு கேள்வி கேட்டாள்.

"எப்ப போவ?"

அக்கா அவள் வாயைப் பொத்தினாள். "ஐயோ, அவளுக்குக் கேக்கத் தெரியல. வந்தவங்க எல்லாரும் சொல்லாமக் கிளம்பிடுறாங்கன்னு கேக்குறா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். வேற ஒண்ணுமில்லையாம்.

சொல்லிவிட்டுக் கிளம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மறுபடியும் புறா. மறுபடியும் செருப்பு கையில்.

செப்டம்பர் 22, திங்கள்

பெற்றவள் என்பதற்கு என்ன சாட்சி இருக்கிறது, வயிற்றுக் கோடுகளைத் தவிர?

செப்டம்பர் 30, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சலோ என்று நினைத்தேன்.

"அன்னைக்கு உன் வேலைச் சட்டையை இங்கயே விட்டுட்டுப் போயிட்ட. அவ எடுத்துக் கக்கத்துல வச்சிக்கிட்டே திரிஞ்சா. தூங்கும்போதும் அதேதான். நாத்தம் தாங்கலன்னு நேத்து துவைச்சுப் போட்டேன்."

"நல்லதுக்கா."

"நல்லதில்ல. நேத்திலிருந்து ஒரே அழுகை. துவைச்ச சட்டையை மோந்து பாத்துட்டுத் தூக்கி எறியுறா."  பிறகு, "வேற ஒண்ணு இருந்தா குடுத்து அனுப்பு. துவைக்காம" என்றாள்.

இதை என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம் அவள். சொன்னாள்.

இன்று போட்ட சட்டையை அப்படியே பையில் கட்டினேன். இவர் தடவிப் பார்த்து, "ஈரமா இருக்கே" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். பாப்பா, சட்டை, கயிறு, பாலியெஸ்டர், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கொடியில் கிடந்த பாப்பாவின் சட்டையைத் தேடி எடுத்து மடித்து வைத்தார். அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் தப்பு என்று சொல்ல ஆரம்பித்தேன். "தப்பில்ல. ஆனா வலிச்சுது" என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

மேனேஜர் முன்னால் கயிறுகள் வந்தன. என்னுடையது வந்ததும், "என்னம்மா இது, பாதிக் கயிறு மொட்டையா இருக்கு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். இரட்டைத் துணி, நூல், செத்தவை எல்லாம். சொல்லும்போது குரல் உடையவில்லை. எனக்கே ஆச்சரியம். அவர் ஒரு சிப்பியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் வரவில்லை. அடுத்த கயிற்றுக்குப் போய்விட்டார்.

மாலை பெயர்களைப் படித்தார்கள். சிரிப்பக்கா பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

அவள் என் பக்கம் பார்க்காமலே கையைப் பிடித்தாள். அதற்குப் பேசாமல் திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 25, சனி

அண்ணன் போன் செய்தார். விஷயம் தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல மழலைப் பள்ளி இருக்கிறதாம். வர்ற வருஷம் சேர்த்துவிடலாமாம். மென்மையாகத்தான் பேசினார். "நீ அன்னைக்குச் சொன்னதுதானேம்மா."

நான் சொன்னதுதான்.

குழந்தை நன்றாக இருக்கும். பால் உண்டு, பள்ளி உண்டு, இரட்டைப் பின்னல் உண்டு, புறா உண்டு. கண் தெரிகிற இருவர் இருப்பார்கள். நான் வேண்டாம் என்று சொன்னால் அது யாருக்காக? அவளுக்காகவா, எனக்காகவா? எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் கொடுமைக்காரி.

எனக்குத் தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல.

அக்டோபர் 27, திங்கள்

அடையாள வளையத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கேப்டன் துணி சுற்றும் கொட்டகையில் இருந்தாள். புதுக் குழு வரப்போகிறது, பழகுவதற்கான மாதிரிக் கயிறுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வளையத்தை வாங்கிக்கொள்ளாமல், "அந்த மூணையும் பாரு" என்றாள்.

பார்த்தேன். "நடுவுல இருக்கிறது மூச்சுவிடாது" என்றேன். ஒற்றைத் துணிதான், பருத்திதான். ஆனால் தையல் நெருக்கம். தொடவே வேண்டியிருக்கவில்லை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மிதவைக்கு ஆள் எடுத்தாச்சு, அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. இந்தக் கொட்டகைக்கு ஒருத்தர் வேணும். கடலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கயிற்றையும் பாக்கணும். மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். அந்த மொட்டைக் கயிறு போட்ட பொண்ணானு கேட்டாரு. ஆமான்னேன். அறை சின்னது, மழைக்கு ஒரு மூலை ஒழுகும். பரவாயில்லையா?"

பரவாயில்லையா என்று கேட்கிறாள்.

"ஆயா?" என்றேன். முதலில் வந்த வார்த்தை அதுதான்.

விசிலைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே, "ஆயாவும் உண்டு" என்றாள்.

வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். வீடு வரும் வழியிலேயே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அதற்கு அவர், "உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடும்மா. என்னால முடியாது" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

அக்கா பாப்பாவைப் பண்ணை அறைக்கு அழைத்து வந்தாள். தனியாக. அண்ணன் வரவில்லை.

உடுப்பெல்லாம் இஸ்திரி போட்டுப் பையில் அடுக்கியிருந்தாள். மேலே என் இரண்டு சட்டைகள், துவைக்காமல். ஒழுகுகிற மூலையைப் பார்த்தாள், கட்டிலை இந்தப் பக்கம் நகர்த்தினாள், ஆயாவைப் போய்ப் பார்த்து வந்தாள். பாப்பா கொட்டகைக்கு ஓடிவிட்டாள். அங்கே இவர் பாசிக்கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கேப்டன் அவர் முடிச்சைப் பார்த்துவிட்டு இந்த வாரம் வரச்சொல்லியிருக்கிறாள். தெருப்பக்க வாசலில் இவரே இடுப்பளவுக்குப் பலகைத் தட்டி போட்டு, பாப்பா கொலுசில் ஒரு சலங்கை கூடுதலாகக் கோத்திருக்கிறார்.

அக்கா அந்தச் சலங்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டி, குரலைத் தாழ்த்தினாள். "அவ அங்க இருக்கும்போதே நான் கிளம்பிடுறேன்." செருப்பைக் கையில் எடுத்தாள்.

செருப்பைப் பிடித்துக் கீழே வைத்தேன்.

"சொல்லிட்டுப் போங்கக்கா. அழட்டும்."

சொன்னாள். பாப்பா அழுதாள். அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் விரலைப் பிரிக்கவில்லை. தானாக விடுகிற வரைக்கும் மூவரும் வாசலிலேயே நின்றோம். ரொம்ப நேரம். அக்கா தெருமுனையில் திரும்பிக் கை காட்டினாள். பாப்பாவும் காட்டினாள்.

பிறகு என்னிடம் வந்தாள். கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். "நாத்தம்" என்றாள்.

முகத்தைத் திருப்பவில்லை.